சனிக்கிழமை உருதுக்காரி

எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சனிக்கிழமை உருதுக்காரி. இப்போதும் கல்யாண வீடுகளில் யாராவது என்னை அப்படிக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். சாச்சா, அதாவது என் அத்தாவின் (அப்பாவின்) தம்பி, சொல்லும்போது அதில் நடந்ததெல்லாம் அவருடைய மூளையால் நடந்ததாக இருக்கும். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவள் என்பதால் எனக்கும் சொல்லக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் எங்களைத் தெரியாதவர்கள் எல்லோரும் நாங்கள் வீட்டில் உருது பேசுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். முஸ்லிம் என்றால் உருது, அவ்வளவுதான் கணக்கு. என் வகுப்பு டீச்சர்கூட நான் தமிழில் நல்ல மார்க் வாங்கும்போதெல்லாம், "உருதுக்காரப் பொண்ணு எவ்ளோ அழகா எழுதியிருக்கு பாருங்கடி" என்று மற்றவர்களுக்கு என்னை உதாரணம் காட்டுவார். மற்ற பெண்களைப் போலவே எனக்கும் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. பாராட்டு கிடைக்கிற இடத்தில் எதற்கு வீண் விளக்கம்?

எங்கள் வீட்டில் கொஞ்சுவதும் தமிழ், திட்டுவதும் தமிழ். பஜாரில் அத்தாவும் சாச்சாவும் வைத்திருந்த பாத்திரக் கடையில் பேரம் பேசுவதும் தமிழ். உருது எங்கள் வீட்டுக்குள் வந்தது சாச்சாவுக்கு மனைவியாக வந்த சாச்சியோடுதான்.

சாச்சிக்கு ஊர் வாணியம்பாடி. ஒன்றாம் வகுப்பிலிருந்து உருது வழியில் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, எங்கள் ஊர் உருதுத் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்து வந்தவர். வேலை இந்த ஊரில் என்பதால்தான் மாப்பிள்ளையும் இந்த ஊரில் பார்த்தார்கள் என்று அம்மா சொல்வார். கல்யாணம் பேசும்போது அம்மாவுக்கு இருந்த ஒரே கவலை, இந்தப் பெண்ணோடு அடுப்படியில் எந்த மொழியில் பேசுவது என்பதுதான். அந்தக் கவலை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. சாச்சி தமிழை எங்கள் சமையலறையிலேயே கற்றுக்கொண்டார். மரியாதை மட்டும் யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்பது பிடிபட நாளாயிற்று. "பால் வந்துட்டாங்க" என்பார். கடையிலிருந்து என் அத்தா வந்தால், "வந்துச்சு" என்பார்.

"இந்த வூட்ல பாலுக்கு கீற மரியாத எனக்கு இல்ல" என்று அத்தா சொல்லிச் சிரிப்பார். சாச்சி நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடுவார். அடுத்த நாள் மறுபடியும் பால் வந்துட்டாங்க.

எல்லாவற்றையும் தமிழில் பேசக் கற்றுக்கொண்ட பிறகும் சாச்சி அரிசி அளப்பது மட்டும் உருதுவில்தான். ஏக், தோ, தீன் என்று ஆழாக்கு ஆழாக்காக எண்ணிப் பாத்திரத்தில் போடுவார். தமிழில் எண்ணினால் என்ன என்று அம்மா ஒருநாள் கேட்டதற்கு, "தமிழ்ல எண்ணினா சோறு பத்தாம போவுது அக்கா" என்றார். நாங்கள் சிரித்தோம். நான் அதை வைத்து வெகுநாள் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. எனக்குச் சாச்சியை அவ்வளவு பிடிக்கும். அம்மா தலை வாரினால் கண்ணில் தண்ணீர் வரும். சாச்சி வாரினால் தூக்கம் வரும். சனிக்கிழமைகளில் அவர் என்னைத் தம்முடைய பள்ளிக்கூடத்துக்கும் அழைத்துப் போவார். அந்தப் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ தொழுகை நாள். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை பள்ளி உண்டு. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வெயிலில் ஆடிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் பின்னலில் ரிப்பன் கட்டிக்கொண்டு இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போவேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சாச்சியின் டிபன் டப்பாவில் எனக்கும் சேர்த்துத்தான் இருக்கும் என்பது ஒரு காரணம், சாச்சி அங்கே டீச்சர் என்பதில் எனக்கு இருந்த கர்வம் இன்னொரு காரணம்.

மசூதித் தெருவுக்குப் பின்னால் இரண்டே அறைகள், ஓட்டுக் கூரை. பக்கத்துச் சுவர் ஒரு வெல்டிங் கடை. அங்கே இரும்பை அறுக்க ஆரம்பித்தால் இங்கே பாடம் நின்றுவிடும். பிள்ளைகள் மிகவும் குறைவு. ஒரு பெஞ்சில் இரண்டாம் வகுப்பு முடிந்து அதே பெஞ்சில் மூன்றாம் வகுப்பு தொடங்கும். என்னை நடுவில் உட்காரவைத்து ஒரு பலகையைக் கொடுத்துவிடுவார்கள். அலிஃப், பே என்று வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டிருப்பேன். பெரிய சார் என்று எல்லோரும் அழைத்த தலைமையாசிரியர், ஓய்வுபெற இருந்தவர், அவ்வப்போது வந்து என் பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஒருநாள் மாலை சாச்சி பள்ளியிலிருந்து வந்து, அரிசி டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அளக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கல்வி அதிகாரி நேரில் வந்து தலைகளை எண்ணப் போகிறார், போதவில்லை என்றால் பள்ளியை அடுத்த தெருத் தமிழ்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள். உருது டீச்சருக்கு அங்கே வேலை இல்லை. எங்கே உருதுப் பள்ளியில் டீச்சர் இல்லையோ அங்கே அனுப்பிவிடுவார்கள்.

"கிருஷ்ணகிரி பக்கம் போடுவாங்களாம் அக்கா" என்றார் சாச்சி.

சாச்சாவால் கடையை விட்டுவிட்டுப் போக முடியாது. சாச்சி அங்கே தனியாக அறை எடுத்துத் தங்கி, லீவுக்கு லீவு வர வேண்டியதுதான். இதைப் பெரியவர்கள் மெல்லப் பேசிக்கொண்டிருந்தபோது நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாஷைக்கு இத்தனை தலை வேண்டும் என்று யார் கணக்குப் போட்டார்கள், அவருக்கு எங்கள் வீட்டுச் சாச்சியின் மேல் என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து சாச்சா மொபெட்டை எடுத்துக்கொண்டு, ஊரில் உருது பேசுகிற வீடுகளுக்கெல்லாம் படியேறினார். எல்லோரும் மிக நல்லவர்கள். ஜவுளிக்கடைப் பெரியவர் ஒருவர், உருது அழிந்துபோனால் நம் பிள்ளைகள் ஊமைகளாகிவிடுவார்கள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பேரனை அனுப்புகிறீர்களா என்று சாச்சா கேட்டதற்கு, "அவன் இங்கிலீஷ் மீடியம் தம்பி. யூனிஃபார்ம்லாம் தச்சாச்சு. நீ பெட்டிஷன் எதுனா எழுதினா கொண்டா, மொத கையெழுத்து நான் போடறேன்" என்றாராம். அடுத்த வீட்டிலும் இதேதான். அதற்கடுத்த வீட்டில் பெட்டிஷனுக்கு முன்னால் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

"எல்லார் வூட்லயும் டீ குட்த்தாங்க, புள்ளைய மட்டும் யாரும் குடுக்கல" என்று சாச்சா வந்து உட்கார்ந்தார். "டீ குட்ச்சி குட்ச்சி வயிறு ஊதிகினு கீது."

உருது பேசுகிறவர்கள் பிள்ளைகளைத் தர மறுத்ததால்தான் தமிழ் பேசுகிற எங்கள்மேல் அவருடைய பார்வை திரும்பியது. என்னைப் பார்த்தபடியே டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவ சனிக்கெழம அங்கதான குந்திகினு கீறா?"

அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. பெரிய சாருக்குப் பொய் சொல்ல வராது. யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்று சாச்சாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "கேக்கலன்னா?" என்றார் சாச்சா. பெரிய சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். தேதியை அவராகச் சொல்லவும் இல்லை. எங்களுக்கு வெள்ளி லீவு, சனி பள்ளி உண்டு என்று மட்டும் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மற்ற பள்ளிகள் மூடியிருக்கும், தமக்கும் தோது என்று அதிகாரியே அந்த நாளைச் சொல்லிவிட்டார். இதையும் சாச்சா தம் மூளையின் கணக்கில்தான் இன்றுவரை வைத்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. கருங்குழியிலிருந்து அத்தாவின் தங்கை பிள்ளைகள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். தையல்காரர் வீட்டுப் பெண் வந்திருந்தாள். போதாததற்கு வெல்டிங் கடைக்காரரிடம் சாச்சா, "மச்சான், ஒரு ரெண்டு மணி நேரம் உன் பையன குடு" என்று கேட்டிருந்தார். அவரும் பெரிய மனதோடு பையனைக் கொடுத்ததுமல்லாமல், பாடத்துக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று அன்று காலை கடையையும் திறக்கவில்லை. பையன் பெயர் குமரேசன். அதிகாரி வருகிற நாள் என்றால் பெரிய நாள் என்று அவனுடைய அம்மா எண்ணெய் வழிய வழியத் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நெற்றி முழுக்கப் பட்டையாக விபூதி பூசி அனுப்பியிருந்தார். சாச்சி அவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அழிக்கச் சொல்லலாமா என்று பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார், "அம்மா வெச்சி அனுப்பனது, அழிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அவனை என் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அதிகாரி ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்தார். நான் மீசையும் பிரம்புமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா. வந்ததும் ஓட்டுக் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"மழைக்கு ஒழுவுமா சார்?"

"ஒழுவும் சார்" என்றார் பெரிய சார், உள்ளதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த நிம்மதியோடு.

அதிகாரிக்கு உருது தெரியாது. சாச்சி நிஜமான மாணவர்கள் இரண்டு பேரை எழுப்பிப் படிக்கச் சொன்னார். அவர்கள் கடகடவென்று படித்தார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, திடீரென்று என்னைப் பார்த்து, "நீ ஒண்ணு சொல்லும்மா" என்றார்.

நான் எழுந்து நின்றேன். சாச்சி சொல்லிக்கொடுத்த பாட்டு ஒரு வரிகூட ஞாபகத்தில் இல்லை. சாச்சியின் முகத்தைப் பார்த்தேன். கிருஷ்ணகிரி ஞாபகத்துக்கு வந்தது. பிறகு எப்படியோ வாய் திறந்து, மதரஸாவில் மனப்பாடம் செய்திருந்த, குர்ஆனின் அல்ஹம்து சூராவை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஓதிவிட்டேன். அது அரபு. உருதுவுக்கும் அதற்கும் சம்பந்தம் எழுத்தோடு சரி. அதிகாரி கண்ணை மூடிக் கேட்டார்.

"உருது நல்லா பேசுது பொண்ணு."

பெரிய சாருக்குப் பொறுக்கவில்லை. "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"இருக்கட்டும் சார்" என்றார் அதிகாரி.

அத்தோடு விட்டிருக்கலாம். என் பக்கத்தில் விபூதி பளிச்சென்று இருந்தது. அதிகாரியின் கண் அங்கே போய் நின்றது.

"உன் பேரு?"

"குமரேசன் சார்."

"உருது படிக்கிறியா?"

"ஆமா சார்" என்றான் குமரேசன் கணீரென்று. அவனும் பொய் சொல்லாத பிள்ளைதான். ஒரு கணம் யோசித்து, "சனிக்கெழம மட்டும் சார்" என்று சேர்த்துக்கொண்டான்.

வெல்டிங் கடையில் அன்று மட்டும் சத்தம் இல்லாமல் போனதற்காக நான் இன்றும் வருந்துகிறேன். அந்த அறையில் அப்படி ஓர் அமைதி. சாச்சியின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. எல்லாம் முடிந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. சாச்சியின் இரும்புப் பெட்டியைச் சாச்சா மொபெட்டில் வைத்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோவதுகூடக் கண்ணில் தெரிந்தது. குமரேசனை மேசைக்கு அடியில் ஓங்கி மிதித்தேன். அவன் எதற்கு என்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அதிகாரி எழுந்து வாசற்படியில் போய் நின்றுகொண்டு, எங்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். வாய்க்குள்ளேயே எண்ணினார். முன் பெஞ்சில் இருந்ததால் எனக்குக் கேட்டது. முதலில் கொஞ்ச தூரம் தமிழ் மாதிரி இருந்தது. ஆறு வரை வந்தார். அதற்குமேல் எண்கள் வழி தவறி எங்கோ போயின. ஏடு என்றார். எனிமிதி என்றார். தொம்மிதி என்றார். எனக்குத் தமிழ் எண்கள் தெரியும், இங்கிலீஷ் எண்கள் தெரியும், சாச்சி புண்ணியத்தில் உருது எண்களும் தெரியும். இது எதிலும் சேரவில்லை. அதிகாரிகள் இப்படித்தான் எண்ணுவார்கள் போலிருக்கிறது, நிறையப் படித்தால் அவர்களுக்கென்று தனியாக எண்கள் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

விரல் என்னிடம் வந்தது. என்னை எண்ணியது. குமரேசனிடம் வந்து கொஞ்சம் நின்றது. பிறகு அவனையும் எண்ணிவிட்டுப் பின் பெஞ்சுக்குப் போனது.

அதன்பிறகு அவர் குடிதண்ணீர்ப் பானையைப் பார்த்தார், டீ குடித்தார், ஓடு மாற்ற எழுதிப்போடச் சொன்னார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டுப் பெரிய சாரிடம், "சனிக்கிழமை ஸ்கூலு நல்லாத்தான் நடக்குது சார். அடுத்த வாட்டி ஒரு செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்றார். பெரிய சார் கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பயம் வந்தது. திங்கட்கிழமை இரவே சாச்சிக்குச் சோறு இறங்காது. செவ்வாய் காலை அவர் படியிறங்கும்போது அம்மா ஏதோ ஓதி அவர்மேல் ஊதி அனுப்புவார். பள்ளிக்கூடத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் பெரிய சார் வாசலுக்கு வந்துவிடுவாராம். சாச்சாவுக்குப் பயத்தில் உண்மையிலேயே மூளை வேலை செய்தது. இனிமேல் கடன் வாங்கிய பிள்ளைகள் உதவ மாட்டார்கள் என்று புரிந்து, சொந்தமாகச் சேர்க்கிற பிள்ளைகளைத் தேடி அலைந்தார். மசூதித் தெருவில் பிள்ளைகளை எங்கும் சேர்க்காமல் வைத்திருந்த கூலிக்காரக் குடும்பங்கள் இரண்டைக் கண்டுபிடித்தார். அவர்கள் யாரும் அவருக்கு டீ கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் கொடுத்தார்கள். தையல்காரர் தம் பெண்ணை நிஜமாகவே சேர்த்துவிட்டார். குமரேசனின் அம்மாவும், லாரிகள் ஓடுகிற ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டாமல் போகிற பள்ளிக்கூடம், அதிகாரியே வந்து பார்த்துவிட்டுப் போன பள்ளிக்கூடம் என்று அவனைக் கொண்டுவந்து சேர்த்தார். அவன் வருகிற நாளெல்லாம் விபூதியோடுதான் வந்தான். இன்று அவனுடைய ஒர்க்ஷாப்புக்குப் போனால், போனில் வாடிக்கையாளர்களிடம் உருதுவில் அவன் பேரம் பேசுவதைக் கேட்கலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரவே இல்லை. அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. ஓடு மாற்ற ஆட்கள் வந்தார்கள், அதிகாரி வரவில்லை. பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். பெரிய சார் ஓய்வு பெற்றார். சாச்சி எங்கும் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்து, என் தலையை நான் காலேஜ் போகும்வரை வாரிவிட்டு, அந்தப் பள்ளிக்கே தலைமையாசிரியரும் ஆனார். அரிசிக்கு மட்டும் இன்னமும் ஏக், தோ, தீன்தான்.

அதிகாரி மறந்துவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். எத்தனையோ பள்ளிக்கூடம், எத்தனையோ வேலை, மனிதர் மறந்துபோயிருப்பார். அல்லாஹ் மறக்கவைத்தான் என்று அம்மா சொல்வார்.

கல்யாணமாகி நான் இப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையோரக் குடியிருப்பில் இருக்கிறேன். கணவருக்கு அங்கே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எந்தெந்த ஊர்க்காரர்களோ அடுத்தடுத்து இருக்கிற குடியிருப்பு அது. எதிர்வீட்டு அக்காவுக்கு ஊர் நெல்லூர்ப் பக்கம். என்னோடு தமிழில்தான் பேசுவார், என்னைவிட வேகமாக. ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டில் அதிரசம் சுட்டார்கள். என் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு தட்டை வைத்துக்கொண்டு, நான் வேண்டாம் போதும் என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். வாய் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

"ஆறு, ஏடு, எனிமிதி, தொம்மிதி..."

நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன்.

"அக்கா, இது என்ன எண்ணிக்கை?"

"தெலுங்குதாம்மா, வேற என்ன?" என்று அவர் வியப்போடு பார்த்தார். "பேசறது எந்த பாஷையில வேணும்னாலும் பேசிடுவேன். எண்ணறது மட்டும் மொதல்ல போன ஸ்கூல்ல சொல்லித் தந்த மாதிரிதான் வரும்."

ஓட்டுக் கூரைக்குக் கீழே, வாசற்படியில் நின்று, எங்களை நோக்கி நீண்டிருந்த அந்த விரல்தான் கண்முன் நின்றது. அந்த ஒல்லி மனிதரும் எங்கோ ஓர் ஊர்த் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில், என்னைப் போலச் சிறுபிள்ளையாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எண்ணக் கற்றிருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்றோ, அங்கே யார் வந்து தலைகளை எண்ணினார்களோ, எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகள் என்பதும் தெரிந்திருக்கும், நான் ஓதியது என்ன என்பதும் தெரிந்திருக்கும். வரப்போவதில்லை என்று தெரிந்தேதான் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எட்டு வயதில் நான் அதை அதிகாரிகளின் எண்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, எண்ணிக்கை கொறையுதா?" என்று கேட்டார் எதிர்வீட்டு அக்கா.

"இல்லக்கா, சரியா இருக்கு" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டேன்.